இரண்டு பக்கமும் பூசிய சுவர்

டிச. 19, வெள்ளி

காலையில் பனி. மழை இல்லை, அதுவே பெரிய விசேஷம். நாலரைக்கு எழும்பி ஐந்தரை பஸ்ஸுக்கு நின்றோம். கொண்டுபோவது: சூட்கேஸ் ஒன்று (இரவல், ஒரு சில்லு சுழலாது), ரெஜினாவின் கைப்பை, தேயிலை இரண்டு கிலோ, மகளுக்கு மாசிச் சம்பல், ஸ்வெட்டர் இரண்டு. சிங்கப்பூருக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்டேன். "பிளேனுக்குள்ள குளிருமாம்" என்றாள். யார் சொன்னது என்று கேட்டால் முறைக்கிறாள்.

மகள் ஸ்டெல்லா அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம் என்று ஓகஸ்டிலேயே டிக்கெட் போட்டுவிட்டாள். கிறிஸ்மஸுக்கு எட்டு நாள். "ஹனிமூனே போகலதானே, இப்ப போங்க." அதற்குப் பிறகு நவம்பர் கடைசி மழை. ஆறு வீடும் ஒரே வரிசையாக ஒட்டிய எங்கள் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் மண்மேடு சரிந்து இறங்கியது. ஆறு வீட்டுச் சனமும் பன்னிரண்டு நாள் பாடசாலையில், பெஞ்சுகளை ஒட்டிப் போட்டுப் படுத்தோம், பிறகுதான் வீடு திரும்பினோம். யாருக்கு இப்போது ஹனிமூன்? டிக்கெட்டைத் திருப்ப முடியாதாம். ஆகவே போகிறோம்.

23ஆம் தேதி அதிகாரிகள் வந்து லயம் லயமாகப் பார்ப்பார்கள். இருக்கலாமா, கூடாதா என்று எழுதிக் கொடுப்பார்கள். மேட்டுப் பக்கம் முதல் வீடு எங்களுடையது. எங்களுடையதைப் பார்த்தால் மற்ற ஐந்தும் தெரிந்துவிடும் என்று கிராம சேவகர் சொன்னார். சாவி பக்கத்து வீட்டுப் பார்வதியிடம்.

கிறிஸ்மஸுக்கு வருஷா வருஷம் வெள்ளையடிப்பேன், இந்த வருஷமும் அடித்தாயிற்று. நடுச் சுவரில் இருந்த வெடிப்பையும் பூசினேன். ஊருக்கே சுவர் கட்டுகிற மேசன் பாஸ் நான், என் வீட்டுச் சுவர் வெடித்துக் கிடந்தால் ஊர் சிரிக்கும். அவ்வளவுதான்.

ரயில் இன்னும் ஓடவில்லை. ஹட்டனிலிருந்து கொழும்பு பஸ். கினிகத்தேனைக்கு இப்பால் பாதையில் பாதி இல்லை, ஒரு பக்கமாக விடுகிறார்கள்.  கொண்டக்டர் சொன்னான், "அந்தப் பக்கம் பாக்காதீங்க, இந்தப் பக்கம் பாருங்க." எல்லாரும் அந்தப் பக்கமே பார்த்தோம்.

டிச. 20, சனி. சிங்கப்பூர்

வெயில். வேர்வை. பிளேனுக்குள் குளிரத்தான் செய்தது. ரெஜினா ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதோடு என் மானம் போனது.

ஹோட்டல் தேக்காவில், நாலாம் மாடி. ஜன்னல் இல்லாத அறை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் நடக்க முடியாது, ஒருவர் கட்டிலில் ஏறிக்கொள்ள வேண்டும். சுவரைத் தட்டிப் பார்த்தேன், அட்டை.

"வந்ததும் வராததுமா சுவத்த தட்டாதீங்க. அடுத்த ரூம்காரன் என்னமோன்னு நெனைப்பான்."

ஸ்டெல்லா வேலை முடிந்து ஓடி வந்தாள். மெலிந்திருக்கிறாள். அம்மாவும் மகளும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள், எனக்கு நிற்க இடமில்லை, குளியலறைக்குள் நின்றேன். "அப்பா, இங்க ரிலாக்ஸா இருங்க. ஊரப் பத்தி நெனைக்கவே கூடாது." எண்ணினேன், பதினொரு தடவை ரிலாக்ஸ்.

சாப்பிட்டது: தோசை, பிறகு இன்னொரு தோசை.

பகல் மூன்றுக்குப் படுத்தவன் ஏழுக்கு எழும்பினேன். மழை தொடங்கிய நாளுக்குப் பிறகு இப்படித் தூங்கவில்லை. எழும்பியபோது எங்கே இருக்கிறேன் என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. தூங்கியும் அலுப்பு போகவில்லை. முழங்கால் வலி.

டிச. 21, ஞாயிறு

காலையில் பூசை. பிறகு ஸ்டெல்லா வேலைக்கு. நாங்கள் இருவரும் தெருத் தெருவாக.

ரயிலில் தமிழில் அறிவிக்கிறார்கள். நல்ல தமிழ், பிழையில்லை. ரெஜினா ஒவ்வொரு ஸ்டேஷனிலும் என் கையைக் கிள்ளி "கேட்டீங்களா, கேட்டீங்களா" என்றாள். எங்கள் ஊர் பஸ் போர்டில் பிழைபிழையாக எழுதிவைக்கிற தமிழை நினைத்தேன். 

ஞாயிற்றுக்கிழமை என்றால் தேக்கா முழுக்க நம் ஆட்கள். கட்டட வேலைக்கு வந்தவர்கள், புல்தரையில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து போனில் வீட்டுக்குப் பேசுகிறார்கள். நாங்களும் ஒரு ஓரமாக உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்தவர் புதுக்கோட்டையாம், நாற்பது வயசிருக்கும்.

"அண்ணனுக்கு எந்த ஊரு?"

"சிலோன்."

"யாழ்ப்பாணமா?"

"இல்ல. நுவரெலியா பக்கம். தேயிலத் தோட்டம்."

"ஆனா நம்மூரு பேச்சால்ல பேசுறீங்க!"

எங்கள் தாத்தாவின் தாத்தாவை வெள்ளைக்காரன் கூட்டிப்போன கதையை ரெஜினா தொடங்கிவிட்டாள். அவளுக்கு ஆள் கிடைத்தால் போதும். எனக்கு அலுப்பு. அவரும் மேசன் என்று தெரிந்ததும்தான் எனக்கு வாய் திறந்தது. கலவை, மணல், இங்கே எல்லாம் மூட்டையில் கலந்தே வருகிறதாம், தண்ணீர் விட்டால் போதும். அது ஒரு வேலையா?

பேச்சுவாக்கில் சொன்னார், இப்போது அவர்கள் பள்ளம் தோண்டும் இடத்துக்குப் பக்கத்தில் பழைய கட்டடம் ஒன்று, சுவரில் சின்ன வெடிப்பு. அதன்மேல் அளக்கிற கருவி ஒட்டி வைத்திருக்கிறார்கள். தினமும் ஒரு ஆள் வந்து வாசித்து எழுதிக்கொண்டு போவான். "ஒரு நூலு நகந்துச்சுன்னா போதும்ணே, சைட்டையே நிறுத்திப்புடுவாய்ங்க. அது மேல பூசக்கூடாது, பெயிண்ட் அடிக்கக்கூடாது. பூசுனவன் செயிலுக்குத்தான்."

சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். ரெஜினா சிரிக்கவில்லை, பக்கத்தில் ஒரு குழந்தைக்கு பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டாளா என்று தெரியாது.

டிச. 22, திங்கள்

மதியம் மழை. அரை மணி கொட்டி, பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி வெயில். இந்த ஊரில் மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தேன். தண்ணீர் ஓடுகிற கான் எல்லாம் அகலம், சுத்தம். எங்கள் லயத்துப் பின் கானை வெட்டச் சொல்லி எத்தனை தடவை தோட்டத்து ஒபீஸில் போய் நின்றிருப்பேன்.

பின்னேரம் பெரிய கடைத்தெருவில் கிறிஸ்மஸ் விளக்குப் பார்க்கப் போனோம். இவ்வளவு விளக்கை நான் கண்டதில்லை. சனம் நெருக்கித் தள்ளியது. போட்டோ எடுப்பதில் சண்டை.

"சிரிங்க."

"சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இது சிரிப்பா? கல்லு தூக்குற மாதிரி இருக்கு மூஞ்சி."

கால் கடுத்து ஒரு படியில் உட்கார்ந்தோம். தேத்தண்ணி வாங்கினாள். டின் பால் ஊற்றி, சாயத்தைக் காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சி. தோட்டத்துக்காரனுக்கு இந்தத் தண்டனை. ஆனால் குடித்தோம், இரண்டாவதும் வாங்கினோம்.

நாளை 23. அறைக்கு வந்ததும் ரெஜினா குளிக்கப் போனாள். இதை எழுதிவிடலாம். வேறு யார் படிக்கப் போகிறார்கள்.

அந்த வெடிப்பு மேல்பூச்சு வெடிப்பு இல்லை. எனக்குத் தெரியும். தரை மூலையிலிருந்து கோணலாகக் கூரை வளை வரைக்கும். பாடசாலையிலிருந்து திரும்பிய அன்றைக்கு நகம் போகிற அளவு. வெடிப்பு நிற்கிறதா, நடக்கிறதா என்று பார்க்க மேசன்மாருக்கு ஒரு வழி உண்டு: குறுக்கே சீமெந்தில் ஒரு பொட்டு வைத்துத் தேதி கீறிவிடுவது. பொட்டு முழுசாக இருந்தால் பயமில்லை. 12ஆம் தேதி வைத்தேன். 16ஆம் தேதி காலையில் பொட்டு இரண்டாகப் பிளந்திருந்தது.

அன்றைக்கே பொட்டைக் கொத்தி எடுத்துவிட்டுப் பூசினேன். உள்ளே கம்பி வலை வைத்து, இரண்டு தடவை பூச்சு, பிறகு வெள்ளை. அருமையான வேலை. எனக்கே எங்கே இருந்ததென்று தெரியாது.

ஏன் என்று யாரும் கேட்டால்: ஒன்பது வருஷத்துக்கு முன்பு எங்கள் தோட்டத்து மேல் டிவிசனில் மண் விழுந்தபோது அந்தச் சனத்துக்குத் தகரக் கொட்டில் அடித்துக் கொடுத்த மேசன் நான்தான். ஆறு மாசத்துக்கு என்று சொன்னார்கள். இன்றைக்கும் அதிலேதான் இருக்கிறார்கள். அதில் பிறந்த பிள்ளை பாடசாலைக்குப் போகிறது. மழைக்காலத்தில் உள்ளே குடை பிடிப்பார்கள். இருக்கக் கூடாது என்று எழுதினால் எங்களுக்கும் அதுதான். எங்கள் வீட்டுப் பின்னறையை நான் என் கையால் கட்டினேன், லீவு நாளெல்லாம், ஒவ்வொரு கல்லாக. ரெஜினாவுக்கு முட்டி வலி. அவளைத் தகரத்துக்குள் கொண்டுபோய் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

பார்வதி பார்த்துவிட்டாள். நடுச் சுவர் அவர்களுக்கும் எங்களுக்கும் பொது. "அண்ணே, எங்க பக்கமும் பூசிக் குடுங்க, புள்ளைங்க வெடிப்புக்குள்ள குச்சி விட்டு நோண்டுதுங்க" என்றாள். பூசிக் கொடுத்தேன். தேத்தண்ணி தந்தாள். இரண்டு பிள்ளைகள் அவளுக்கு: கவிக்கு நாலு வயசு, சின்னவனுக்கு ஒன்றரை.

டிச. 23, செவ்வாய்

அதிகாரிகள் வருகிற நாள். இங்கே நேரம் இரண்டரை மணி முன்னால். பத்து என்றால் அங்கே ஏழரை. பதினொன்றரை என்றால் ஒன்பது. இப்படியே கணக்குப் பார்த்துக்கொண்டு போனது பொழுது.

பூந்தோட்டம் பார்த்தோம். கண்ணாடிக் கூடாரத்துக்குள் குளிர் மலை செய்து வைத்திருக்கிறார்கள். செயற்கை மூடுபனி, நீர்வீழ்ச்சி, பாசி. டிக்கெட் எடுத்து உள்ளே போனால் எங்கள் ஊர் அக்கரப்பத்தனை. ரெஜினா விழுந்து விழுந்து சிரித்தாள். "நம்ம லயத்து வாசல்ல நின்னா சும்மாவே பாத்திருக்கலாம்!" மறுபடியும் ஸ்வெட்டருக்கு வேலை வந்தது.

அவள் சிரிப்பதைப் பார்த்து எத்தனை நாள். பிள்ளை மடுவத்தில் வேலை அவளுக்கு. கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் விட்டுப் போகிற பிள்ளைகள் இருபத்தி மூன்று பேர். பாடசாலையில் தங்கியிருந்தபோதும் அவர்கள் எல்லாரும் இவள் காலடியில்தான் படுத்தார்கள். இங்கேயும் யார் பிள்ளையைக் கண்டாலும் மூக்கைத் துடைக்கப் போகிறாள்.

போன் வரவில்லை. நானும் எடுக்கவில்லை. சாயங்காலம் ராமர், பார்வதியின் புருஷன், ஒரு மெசேஜ் போட்டிருந்தான்: வந்தாங்க, பாத்தாங்க, நாளைக்கு சொல்றாங்களாம்.

ரெஜினா இரண்டு தடவை கேட்டாள், "ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

டிச. 24, புதன்

வெயில். 

பதினொரு மணிக்குப் பார்வதி கோல் எடுத்தாள். அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது. "அக்கா! இருக்கலாம்னு சொல்லிட்டாங்க! ஆறு வீடும்! ஒங்க வீட்டத்தான் மொதல்ல பாத்தாங்க. நடுச் சுவத்த தடவிப் பாத்து பாக்க வந்த தொரை சொன்னாராம், இந்த லயத்துலயே இதான் நல்ல சுவருன்னு!"

ரெஜினா கட்டிலில் உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டாள். அழுதாள். பிறகு என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள், முப்பது வருஷத்தில் பகலில் கொடுத்தது இதுதான் என்று நினைக்கிறேன். நான் குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். வயிறு என்று சொல்லிவிட்டு.

பாடசாலையில் இன்னும் இருக்கிற மற்ற லயத்துச் சனமும் மாலைக்குள் காலி செய்ய வேண்டுமாம். நிவாரணச் சாப்பாடும் இன்றோடு நிறுத்தம். எல்லாரும் அவரவர் வீட்டுக்கு.

பின்னேரம் ரெஜினா கடைக்கு இழுத்துப் போனாள். முன் ஜன்னலுக்குத் திரைச்சீலை. மஞ்சளா, பச்சையா? அரை மணி. எது வேண்டுமானாலும் எடு என்றேன். "ஒங்களுக்கு நம்ம வீட்டு மேல ஆசையே இல்ல" என்றாள். மஞ்சள் எடுத்தோம்.

ஸ்டெல்லா கேக் கொண்டுவந்தாள். "சொன்னேன்ல அப்பா, எல்லாம் நல்லபடியா நடக்கும்னு." கேக் இனிப்பு. ஒரு துண்டு தின்றேன். முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள்வதும் ஒரு கூலி வேலைதான், தாடை நோகிறது.

டிச. 25, வியாழன். கிறிஸ்மஸ்

காலைப் பூசை, தமிழில். கோயில் நிறைந்து வழிந்தது. பெண்களின் சேலையைப் பார்த்து ரெஜினாவுக்குத் தன் சேலை பழசென்று தோன்றிவிட்டது, வெளியே வந்ததும் சொன்னாள். நல்லாயிருக்கிறாய் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், நம்பவில்லை.

பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நின்றது. நானும் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது விலகி வந்துவிட்டேன். சாமியாரிடம் சொல்லி என்ன? அவரா அந்தச் சுவருக்குப் பக்கத்தில் படுக்கிறார்?

மதியம் மகளுடன் சாப்பாடு. பிரியாணி, கோழி, ஐஸ்கிரீம். நாலு மணிக்கு அவளுக்கு மறுபடியும் வேலை. கிழவர் கிழவிகளுக்கு இன்றைக்குச் சிவப்புத் தொப்பி போட்டுவிடுகிறார்களாம், ஒருவர் தொப்பியைத் தின்னப் பார்த்தாராம்.

பார்வதி படம் அனுப்பியிருந்தாள். கிறிஸ்மஸ் வாழ்த்து, அதோடு பிள்ளைகள் இருவரும் புதுச் சட்டை போட்டு, நடுச் சுவருக்கு முன்னால். சுவர் வெள்ளைவெளேரென்று இருக்கிறது. கீழே பாய், தலையணை. குரல் மெசேஜும் இருந்தது: "இந்தச் சுவத்தோரம் ஈரமே இல்ல அக்கா. புள்ளைங்கள இங்கதான் படுக்கப் போடுறேன். மத்த எடமெல்லாம் ஒழுகுது, மறுபடியும் மழ புடிச்சிருச்சி."

ரெஜினா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "கவிப் புள்ளைக்கு சட்ட பெரிசு" என்றாள்.

நான் போனில் ஊர் வானிலையைத் தேடிப் பார்த்தேன். மறுபடி மழை.

டிச. 26, வெள்ளி

தூக்கமில்லை. காலையிலிருந்தே தூறல். கடலோரத்தில் அந்தச் சிங்கத் தலைச் சிலை பார்க்கப் போனோம், தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தது. ரெஜினா போட்டோ எடுத்தாள். பெஞ்சில் உட்கார்ந்தோம். பத்தரை மணி. அங்கே எட்டு.

"ரெஜி, ஒன்னு சொல்லணும்."

"சொல்லுங்க. மூணு நாளா சொல்லத்தானே பாக்குறீங்க."

சொன்னேன். பொட்டு வைத்தது, பிளந்தது, பூசியது. எல்லாம் சொல்ல ஐந்து நிமிஷம் ஆகவில்லை.

அவள் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "பதினாறாந் தேதியே தெரியும்?"

"தெரியும்."

"அப்பறம் மூணு நாளு நா அந்தச் சுவத்துப் பக்கந்தான் படுத்தேன்."

"நா முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"முழிச்சிருந்து? கையால தாங்கியிருப்பீங்களா?"

 அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லாயிருக்கும்.

தகரக் கொட்டிலைச் சொன்னேன். உன் முட்டி வலியைச் சொன்னேன். பின்னறையைச் சொன்னேன். ஒன்பது வருஷமாகக் கிடக்கிற சனத்தைச் சொன்னேன். பொய் ஒன்றுமில்லை, எல்லாம் நிஜம். அவள் கேட்டாள், கடைசி வரைக்கும் கேட்டாள்.

"தகரத்துக்குள்ள கெடந்து சீரழிஞ்சாலும் புள்ளைங்க உசுரோட சீரழியும். என் மடுவத்துப் புள்ளைங்க ரெண்டும் அந்தச் சுவத்துக்குக் கீழ படுத்திருக்கு. நீங்க இங்க சிங்கத்தப் பாக்குறீங்க. எடுங்க போன."

பார்வதிக்குத்தான் முதலில் எடுத்தேன். இரண்டு தடவை பிழையான நம்பர்.

"பார்வதி, புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு இப்பவே ஸ்கூலுக்குப் போ. அந்தச் சுவரு நல்லதில்ல."

"என்னாண்ணே சொல்றீங்க? நீங்கதானே பூசுனீங்க?"

"அதுனாலதான் சொல்றேன். நாந்தான் மறைச்சேன்."

 போனில் மழைச் சத்தம் கேட்டது. பிறகு, "கவி, எந்திரிடி, எந்திரி" என்றாள். கோல் நின்றது. என்னை ஏசவில்லை. ஏசுவாள், பிறகு. ஆறு வீடும் ஏசும்.

அடுத்தது கிராம சேவகருக்கு. எனக்குச் சிங்களம் வேலைக்குப் போதும், இதற்குப் போதாது. "மாத்தயா, அர பித்திய ஹொந்த நே. மம தமய் வெஹுவே." அந்தச் சுவர் சரியில்லை, நான்தான் மூடினேன். அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்து மறுபடியும் சொன்னேன். விளங்கிவிட்டது அவருக்கு. "அய்யோ பாஸுன்னெஹே, மொகத மே களே?" என்ன செய்துவிட்டீர்கள் என்று. மரியாதையோடுதான் கேட்டார். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை.

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டாயிற்றாம். போனில் ஒரு மேசன் சொன்னான் என்று அதை மாற்ற முடியாதாம். கண்ணால் பார்க்க ஏதாவது வேண்டும், பூச்சைக் கொத்திக் காட்டினால் நாளை காலை அதிகாரியைக் கூட்டிவருகிறேன் என்றார். அதுவரைக்கும் பாடசாலைச் சாவியைத் தருவதாகவும் சொன்னார். நல்ல மனுசன்.

ரெஜினா ஹோட்டல் வரைக்கும் எனக்கு நாலடி முன்னால் நடந்தாள். ரயிலில் எதிர் சீட். தமிழ் அறிவிப்புக்கு இன்றைக்குக் கிள்ளு இல்லை.

மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் பசித்தது.

டிச. 27, சனி

பின்னேரம் பிளேன். சூட்கேஸ் கட்டியாகிவிட்டது. திரைச்சீலையை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டாள். "ஒன் ரூமுக்குப் போட்டுக்க." ஸ்டெல்லாவுக்கு ஏன் என்று விளங்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் வார் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். பிறகு அம்மா அவளைக் குளியலறைக்குள் கூட்டிப்போய்ச் சொன்னாள். வெளியே வந்து மகள் என் தோளில் கை வைத்தாள்.

ஒன்பதரைக்கு ராமர் வீடியோ கோல். அங்கே ஏழு மணி, மழை விட்டு வெளிச்சமாக இருந்தது. என் உளியும் சுத்தியலும் அவன் கையில். போனைப் பக்கத்து வீட்டுக்காரன் ராமர் வீட்டு வாசலில் நின்று பிடித்துக்கொண்டிருந்தான். கிராம சேவகர் குடையோடு வெளியே நின்றார், அதிகாரி வந்துகொண்டிருக்கிறாராம்.

"எங்கண்ணே கொத்துறது?"

"கதவு நெலையிலருந்து ரெண்டு முழம். இன்னும் கொஞ்சம் மேல. ஆங், அங்கதான். லேசா போடு, ஒரு காலு வாசல்லயே இருக்கட்டும்."

கொத்தினான். பூச்சு விழவில்லை. இன்னொன்று போட்டான். "நல்லாப் புடிச்சிருக்குண்ணே. ஒங்க வேல அப்பிடி." அவன் குத்திக்காட்டவில்லை, நிஜமாகத்தான் சொன்னான்.  பிறகு ஒரு பலகை அளவு பூச்சு அப்படியே சரிந்து விழுந்தது, கம்பி வலை பிய்ந்து தொங்கியது.

 ராமர் போனைக் கிட்டக் கொண்டுவரச் சொன்னான். வெடிப்புக்குள் விரலை விட்டான். இரண்டு விரல் போனது. மேட்டுப் பக்கத்துச் சேற்றுத் தண்ணீர் அதிலே ஒழுகிக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஒங்க பக்கத்துப் பூச்சும் விட்டுருச்சி, அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியிது."

அந்தப் பக்கம் என்றால் எங்கள் படுக்கை. கிராம சேவகர் எட்டிப் பார்த்துவிட்டு உடனே பின்னால் போனார், எல்லாரையும் வெளியே வரச் சொல்லிச் சிங்களத்திலும் தமிழிலும் கத்தினார். ஆறு வீட்டுக் கதவும் திறக்கிற சத்தம். யாரோ ஒரு பெண் அழுதாள், யாரோ என் பெயரைச் சொல்லி ஏசினார்கள். ஏசட்டும்.

நான் போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். ரெஜினா வந்து என் கையிலிருந்து வாங்கினாள். நேற்றுப் பத்தரை மணிக்குப் பிறகு அப்போதுதான் அவள் கை என் மேல் பட்டது.

"ராமரு, நல்லாக் கேட்டுக்க. எங்க வீட்டுப் பின்கதவு வழியாப் போயி, ஒரே எட்டுல வெளிய வந்துரணும். மொதல்ல ஸ்டெல்லாவோட சேட்டிபிகட் இருக்குற தகரப் பெட்டி. அப்பறம் மாதா படம். அப்பறம் மடுவத்துப் புள்ளைங்க பேரு எழுதுற கொப்பி, ராக்கையில இருக்கு. அண்ணனோட மேசன் சாமானா? அது கெடக்கட்டும்."